குப்பைக்கு வழி சொல்லிவிட்டுப் படகு விடுங்கள்

பேரூராட்சிகளில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து, செயல் அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். சொத்து வரி, கட்டட அனுமதி, பிறப்புச் சான்று என்றுதான் இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வழக்கமாகக் கேள்விகள் வரும். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏரி, பறவை, சுற்றுலா, குப்பை பற்றியவை. படிக்கப் படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. அதனால் இந்த இதழை முழுக்க அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்கள் ஊர் ஏரிக்கு ஐந்தாறு வருடமாக நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் நிறைய வருகின்றன. படகுத்துறை, நடைபாதை, அலங்கார விளக்கு எல்லாம் போட்டு சுற்றுச்சூழல் சுற்றுலாத் தலமாக ஆக்கலாம் என்று தலைவர் சொல்கிறார். ஊருக்கு வருமானம் வரும்தானே ஐயா?
(ஊராட்சி வார்டு உறுப்பினர், மதுராந்தகம் வட்டம்)

தம்பி, வருமானத்துக்கு முன் ஏரி யாருடையது என்று பார்த்துவிடுவோம். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் வயல் பரப்பு, 40 ஹெக்டேருக்கு, சுமார் 100 ஏக்கருக்கு மேல் என்றால் அது நீர்வளத் துறையின் ஏரி. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊராட்சியில் தீர்மானம் போட்டதும் கரையில் கல் பாவிவிட முடியாது. இதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வட்டத்திலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதாலேயே அதன் கதையை நாம் சரியாகக் கேட்பதில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் அவர் எழுதிக் கொடுத்த கௌலை, அதாவது உரிமைப் பத்திரத்தை, 1858-ல் புதுப்பித்தும் வாங்கினார்கள். அரசு அதைச் சரணாலயமாக ஏற்றது 1936-ல்தான். ஆக, அரசாங்கம் வருவதற்கு 138 வருடம் முன்பே காகிதத்தில் உரிமை வாங்கி வைத்திருந்தது ஒரு கிராமம். அவர்களுக்குப் பறவை மேல் பாசம் மட்டும் அல்ல, கணக்கும் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் அதுவே உரம். திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்திலும் இதே கதைதான். அங்கே பறவை வந்தால் பிரசவத்துக்கு வந்த மகளைப்போல் பார்ப்பார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்கமாட்டார்கள். குளம் வற்றியதும் எச்சம் படிந்த வண்டலை அள்ளி வயலில் போடுவார்கள்.

வேடந்தாங்கலில் படகு விடுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கரையில் நடக்கலாம், கோபுரத்தில் ஏறிப் பார்க்கலாம், அவ்வளவுதான். கூடு இருப்பது தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில். படகு அந்த மரத்துக்கு அருகே போனால் தாய்ப்பறவை எழுந்துவிடும். அது எழுந்த நேரத்தில் குஞ்சு வெயிலில் கிடக்கும், முட்டையைக் காக்கை தூக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு பேரூராட்சியில் நீங்கள் சொல்கிற அத்தனையும் செய்தோம். கரையைச் சுற்றிப் பேவர் பிளாக், பத்தடிக்கு ஒரு விளக்குக் கம்பம், ஏரி நடுவில் இருந்த மண் திட்டைக் கரைத்து ஆழப்படுத்தி இரண்டு மிதி படகு. தூர் வாருகிறோம் என்று உள்வாயில் நின்ற கருவேல மரங்களையும் வெட்டிவிட்டோம். மதிப்பீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பியவன் நான். திறப்பு விழாவுக்கு நல்ல கூட்டம். முதல் கார்த்திகையில் வந்த நாரைகள் கரைக்கு மேலே இரண்டு நாள் சுற்றிவிட்டுப் போய்விட்டன. அடுத்த வருடம் வரவே இல்லை. படகு துருப்பிடித்தது, விளக்குகளின் மின் கட்டணம் மட்டும் மாதாமாதம் வந்தது. இன்றைக்கும் அந்த வழியாகப் பேருந்தில் போனால் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

அதனால் உங்களிடம் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். தூர் வாரும்போது கருவேல மரத்தை விட்டுவிடுங்கள். வாரிய மண்ணில் கொஞ்சத்தை உள்ளேயே திட்டாகப் போட்டு அதன்மேல் கன்று வையுங்கள். கார்த்திகையிலிருந்து குஞ்சுகள் பறக்கும்வரை ஏரிக்குள் யாரும் இறங்க வேண்டாம். விளக்கே வேண்டாம். பணம் இருந்தால், கரைக்கு வெளியே தள்ளி வண்டி நிறுத்தும் இடம், ஆணுக்கும் பெண்ணுக்கும் கழிப்பறை, குடிநீர்க் குழாய், தினமும் மாலையில் ஒரு குப்பை வண்டி. இந்த நான்குக்கும் ஏற்பாடு முடிந்த பிறகு பெயர்ப் பலகை வையுங்கள்.

வருமானம் வரும். ஊராட்சிக் கணக்கில் பெரிதாக வராது. டீக்கடைக்கும் இளநீர்க்காரருக்கும் வரும். அதைத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: இ-பாஸ் வந்த பிறகு வியாபாரம் படுத்துவிட்டது. மலையைக் காப்பாற்றுகிறோம் என்று எங்கள் வயிற்றில் அடிப்பது சரியா?
(தேயிலைத்தூள், வர்க்கி விற்பவர், கோத்தகிரி)

உங்கள் வருத்தம் புரிகிறது. சீசனில் இரண்டு மாதம் சம்பாதித்து வருடம் முழுக்கச் சாப்பிடுகிறவர்கள் நீங்கள். அதனால் நான் பூசி மெழுகாமல் என் கருத்தைச் சொல்கிறேன். எனக்கு இ-பாஸ் வேண்டும் என்றுதான் படுகிறது.

வெளியூர் வண்டிகள் மலையேற இணையத்தில் முன்கூட்டியே வாங்கும் அனுமதிச் சீட்டுதான் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு உண்டு.

வண்டி குறைவதைவிட, வண்டிகளை எண்ணிவிட்டோம் என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம். ஏன் என்று சொல்கிறேன். மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் வரும் பணம், முக்கியமாக மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கப்படுகிறது. அந்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி. அதாவது, ஊரில் குடியிருப்பவர்கள் மட்டும்தான் கணக்கு. மே மாதம் மலை ஏறி வந்து, குளித்து, சாப்பிட்டு, கழிவறை போய், தண்ணீர் பாட்டிலைப் போட்டுவிட்டு இறங்கும் மனிதர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவருக்கான குடிநீர், அவர் குப்பையை அள்ளும் தூய்மைப் பணியாளரின் கூலி எல்லாம் உள்ளூர்க்காரருக்கு வந்த பணத்திலிருந்துதான் போகிறது. மலை ஊர் நகராட்சி அலுவலர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் இதைச் சொல்வார்கள். "எத்தனை பேர் வருகிறார்கள், கணக்குக் கொடுங்கள்" என்று மேலிருந்து கேட்பார்கள். கணக்கு இருக்காது. இப்போது இருக்கிறது. நாள்வாரியாக, வண்டிவாரியாக இருக்கிறது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு கூடுதல் மானியம் கேட்க உங்கள் நகராட்சியை நீங்கள் நெருக்க வேண்டும். வியாபாரிகள் சங்கம் இ-பாஸை எடுக்கச் சொல்லிப் போராடுவதைவிட, அந்தக் கணக்கைக் காட்டி இன்னும் பத்துக் கழிப்பறை கேட்டுப் போராடினால் நானும் வந்து உட்காருவேன்.

இன்னொன்று. நீலகிரி ஒரு விஷயத்தைச் செய்தால் அப்புறம் மற்ற மாவட்டங்களும் செய்கின்றன. டாஸ்மாக் பாட்டிலுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருவது 2022 மே மாதம் முதலில் உங்கள் மலையில்தான் தொடங்கியது. அதுவும் நீதிமன்றம் சொல்லித்தான். காட்டோரம் உடைந்து கிடக்கும் பாட்டில் யானையின் பாதத்தில் ஏறினால், அந்தப் புண் ஆறாமல் அது செத்தே போகும். 10 ரூபாய்க்காகப் பொறுக்கி எடுத்து வருகிற கைகள் அந்தப் பாதத்தைக் காப்பாற்றுகின்றன.

உங்கள் ஊரை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர்தான். ஆனால் கீழே இருக்கும் பல கிராமங்களுக்குக் குடிதண்ணீர் அதிலிருந்து போகிறது. 2024-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஊர்க்காரர்கள் வருடக்கணக்கில் காவல் இருந்து காப்பாற்றிய காடு அது. அதன் அருமை தெரிந்து வருகிறவர் இரண்டு நாள் தங்குவார், உங்களிடம் வர்க்கியும் வாங்குவார். அவரை வரவழைக்கப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, கடற்கரை ஊரில் காசே செலவழிக்காமல் செய்யக்கூடிய இயற்கைப் பாதுகாப்பு ஏதாவது உண்டா?
(மீனவர் மகன், கல்லூரி மாணவர், கோவளம்)

உண்டு. தை முதல் பங்குனி வரை இரவில் கடற்கரை விளக்கை அணையுங்கள்.

உங்கள் அப்பா பங்குனி ஆமை என்று சொல்வாரே, அது முட்டையிட ராத்திரியில்தான் மணலேறும். வெளிச்சம் இருந்தால் ஏறாமல் திரும்பிவிடும். ஒன்றரை மாதம் கழித்துப் பொரிக்கும் குஞ்சு, எங்கே வெளிச்சமோ அங்கே கடல் என்று நினைத்து நடக்கும். அந்தக் காலத்தில் அது சரியாக இருந்தது. இருட்டில் மினுங்குவது கடல் ஒன்றுதான். இப்போது உயர்கோபுர விளக்கைப் பார்த்து சாலைப் பக்கம் வந்து நாயிடம் மாட்டுகிறது. விளக்கின் சுவிட்ச் இருப்பது உள்ளாட்சியின் கையில். மின் கட்டணமும் மிச்சம். சென்னை மாநகராட்சி ஆமைக் காலத்தில் கடற்கரை விளக்குகளை இரவில் அணைப்பது உண்டு. உங்கள் ஊராட்சிக்கு ஒரு பக்கம் மனு எழுதி, மீனவர் பஞ்சாயத்தின் கையெழுத்தோடு கொடுங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கு மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. அது பெரும்பாலும் இழுவலையில் சிக்கி மூச்சு முட்டிய கதை, விளக்கால் அல்ல. அதைப் பேச உங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் தகுதி அதிகம்.

கேள்வி: மஞ்சப்பை இயக்கம் தோற்றுவிட்டதா?
(குடும்பத்தலைவி, கரூர்)

தோற்கவில்லை அம்மா, பாதியில் நிற்கிறது. 2019 ஜனவரி 1 முதல் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் மஞ்சப்பை மீண்டும் வந்தது. கடையில் பிளாஸ்டிக் பையைப் பிடிப்பது எளிது, தயாரிக்கும் இடத்தைப் பிடிப்பதில்தான் தொய்வு. உங்கள் ஊர் தறி ஊர். ஆர்டர் கொடுத்தால் மாநிலத்துக்கே பை தைக்கலாம்.

கேள்வி: பிச்சாவரத்தில் அழிந்துபோன சதுப்புக் காட்டை மீட்டார்கள் என்று படித்தேன். எப்படி மீட்டார்கள்? இதில் பேரூராட்சிக்கு ஏதும் வேலை இருக்கிறதா?
(தாவரவியல் மாணவி, சிதம்பரம்)

இந்தக் கேள்விக்காக உனக்குத் தனியாக ஒரு நன்றி அம்மா. சுனாமிக்குப் பிறகு கொஞ்ச காலம் அந்தப் பக்கம் பணியில் இருந்தேன். அலையாத்திக் காட்டை நான் அறிந்துகொண்டது அப்போதுதான்.

முன்பு காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியாக மொட்டையடித்து விறகுக்கு வெட்டினார்கள். திரும்ப முளைத்துவிடும் என்று நினைப்பு. முளைக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் அடித்தது. ஈரம் வற்றிய மண் அமுங்கித் தட்டுபோல் குழிந்தது. ஓதம், அதாவது கடல் மட்டம், ஏறும்போது உள்ளே வந்த உப்புத் தண்ணீர், இறங்கும்போது வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கியது. தங்கியது காய்ந்தது, மறுபடி வந்தது, மறுபடி காய்ந்தது. இப்படியே உப்பு ஏறி ஏறி, உப்பில் வாழப் பிறந்த செடிகூட அங்கே வாழ முடியாத நிலை. இந்தக் காரணம் தெரியும்வரை எல்லாரும் பழியை ஆடு மாடு மேய்க்கிறவர்கள் மேலும், விறகு பொறுக்குகிறவர்கள் மேலும் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, நோய் எது என்று கண்டுபிடித்து வைத்தியம் செய்தார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஓதத் தண்ணீர் உள்ளே போய் வெளியே வந்தது, உப்பு கழுவிக்கொண்டு போனது. வாய்க்கால் ஓரத்தில் வெண்கண்டல் நட்டார்கள். மரம் வளர்ந்த பிறகு இறாலும் நண்டும் தானாக வந்தன. பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளையைச் சுற்றி வாழும் இருளர் குடும்பங்கள் தண்ணீரில் உட்கார்ந்தபடி கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். அந்தக் காடுதான் அவர்களுக்கு வயல். 2004 டிசம்பர் 26 அன்று, காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் அலை வேகம் இழந்துதான் வந்து சேர்ந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் எனக்குச் சொன்னபோது, அவர்கள் குரல் இன்னும் நடுங்கியது.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. வாய்க்கால் என்றால் வண்டல் சேரும். சில வருடத்துக்கு ஒருமுறை தூர் எடுத்தால்தான் தண்ணீர் ஓடும். வேலை காட்டுக்குள் என்பதால் பொறுப்பு வனத்துறைக்கு. ஆனால் அந்த வேலைக்கு ஆள், கூலி? கிள்ளை ஒரு பேரூராட்சி. நூறு நாள் வேலைத் திட்டம் கிராமப்புறத்துக்கு என்றே எழுதப்பட்டது. பேரூராட்சி எல்லைக்குள் இருக்கும் ஏழைக்கு அது கிடைத்ததில்லை. பக்கத்து ஊராட்சியில் இருப்பவருக்குக் கிடைத்ததே, எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டு வந்த பெண்களுக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. 2022-ல் மாநில அரசு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று சில பேரூராட்சிகளிலும் நகராட்சிகளிலும் முன்னோட்டமாகத் தொடங்கியது. நீர்நிலை வேலைக்கு அதில் இடம் உண்டு. அலையாத்தி உள்ள எல்லாப் பேரூராட்சிக்கும் அதை விரித்து, வாய்க்கால் வேலையை இருளர் குடும்பங்களுக்கே கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. படகுச் சவாரிக்கு வருகிறவர்கள் சுரபுன்னை வேரைப் பார்த்து வியக்கிறார்கள். அந்த வேருக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலைத் தோண்டியவர்களைப் பற்றி ஒரு பலகையாவது துறையில் இருந்தால் நன்றாக இருக்கும். நீ படிப்பு முடித்து அந்தப் பலகைக்கு வாசகம் எழுது.

கேள்வி: எங்கள் ஊர்க் குன்றை உடைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. கிராம சபையில் தீர்மானம் போட்டால் மதிப்பு உண்டா? ஊராட்சியில் இப்போது தனி அலுவலர்தான் இருக்கிறார்.
(விவசாயி, சிவகங்கை மாவட்டம்)

மதிப்பு உண்டு. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை கூடத்தான் வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களையும் வீட்டு நாள்காட்டியில் சுழித்து வையுங்கள்.

உங்களுக்குப் பக்கத்து மாவட்டத்தில் அரிட்டாபட்டி இருக்கிறது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள். 250 வகைப் பறவைகள், அதில் லகுடு வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளும் அடக்கம். சமணர் படுக்கை, தமிழி எழுத்து, குடைவரைக் கோயில். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்த்து 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. இரண்டே வருடத்தில், அதையும் உள்ளடக்கிய 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஒன்றிய அரசு ஏலம் விட்டது. சுற்றுவட்டார ஊர்கள் கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. 2024 டிசம்பர் 9-ல் சட்டப்பேரவையும் தீர்மானம் நிறைவேற்றியது. பொங்கலுக்கு முன் மேலூர்ப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது.

தீர்மானம் மட்டுமே ஜெயித்தது என்று சொல்லமாட்டேன். தெருவில் கால் தேய நடந்தவர்கள் ஜெயித்தார்கள். ஆனால் நடந்தவர்கள் கையில் தாள் இருந்தது, அதை யாரும் ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

தாளை எப்படி எழுதுவது என்பதில் எனக்கு அனுபவம் உண்டு, அதைச் சொல்கிறேன். "எங்கள் மலையைக் காப்பாற்ற வேண்டும்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. குன்றின் சர்வே எண், பரப்பு, அதிலிருந்து தண்ணீர் வரும் கண்மாயின் பெயர், அந்தக் கண்மாயின் ஆயக்கட்டு, மேய்ச்சலுக்குப் போகும் வீடுகள், கோயில், சுனை எல்லாம் வர வேண்டும். குறைந்தபட்ச வருகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருந்தாக வேண்டும். ஆள் குறைந்தால் தீர்மானம் நிற்காது. பெண்களை அதிகம் அழைத்து வாருங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைப் படித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது தவறு, துணிந்து மறுக்கலாம். நகல் ஒன்று ஊரில் இருக்கட்டும்.

கூடவே, 2002-ன் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், ஊரில் உள்ள செடி, மரம், விலங்கு, வைத்திய முறை எல்லாம் எழுதிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் எங்கே என்று கேளுங்கள். 2020 வாக்கில் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததால் நாடு முழுக்க அவசரமாக எழுதப்பட்டவை பல. நான் புரட்டிப் பார்த்த ஒன்றில், சமவெளி ஊருக்கு மலைக்காட்டு மரங்களின் பட்டியல் இருந்தது. அப்படி இருந்தால் உங்கள் ஊர் ஆடு மேய்க்கும் பெரியவரையும் நாட்டு வைத்தியம் தெரிந்த பாட்டியையும் உட்கார வைத்துத் திருத்தி எழுதுங்கள். நாளைக்கு வழக்கு என்று வந்தால் அந்தப் புத்தகம் பேசும்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் பாதாளச் சாக்கடை இணைப்பு இன்னும் வரவில்லை. லாரி வந்து கழிவுநீரை எடுத்துப் போகிறது. பள்ளிக்கரணை பக்கத்தில்தான் இருக்கிறோம். மனசு உறுத்துகிறது.
(குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை)

உறுத்துவது நல்லது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு அது. 2022-ல் ராம்சர் தலமாக அறிவித்தபோது மிஞ்சியதைக் காக்க வரைந்த எல்லை 1,247 ஹெக்டேர். தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் மிகைநீர் அங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் முகத்துவாரத்துக்கும் போகிறது. அதன் ஓரத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடு. பழைய குப்பையைச் சலித்துப் பிரித்து மாநகராட்சி நிலத்தை மீட்டு வருகிறது. அது நல்ல வேலை, முழுதாக முடிய வேண்டும்.

உங்கள் லாரிக்கு வருவோம். உரிமம் உள்ள வண்டிதானா என்று பாருங்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியதற்கான ரசீது காட்டினால்தான் பணம் என்று சங்கத்தில் முடிவெடுங்கள். கொஞ்சம் கூடுதல் கேட்பார்கள், கொடுங்கள். மலிவாக வரும் லாரி ராத்திரியில் எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியும். அப்புறம் உங்கள் வார்டில் பகுதி சபா கூடும்போது இணைப்பு எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி நகரத்துக்கு அதுதான். படித்தவர்கள் நிறைந்த அடுக்ககங்களிலிருந்து அங்கே யாருமே வருவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

கேள்வி: ஜவ்வாது மலைக்கு வருகிறவர்களுக்கு எங்கள் மகளிர் குழு சாப்பாட்டுக் கடை போடலாம் என்று இருக்கிறோம். பெரிய ஆட்கள் ரிசார்ட் கட்டும் இடத்தில் எங்களால் நிற்க முடியுமா அண்ணா?
(மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர், திருவண்ணாமலை மாவட்டம்)

நிற்க முடியும் தங்கச்சி. கோவை மாவட்டம் காரமடைக்கு மேலே பில்லூர் அணையை ஒட்டிப் பரளிக்காடு என்று ஒரு இடம். வனத்துறையும் அங்குள்ள பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். முன்பதிவு செய்தவர்கள் மட்டும்தான் போகலாம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் எடுப்பதில்லை. பரிசல் ஓட்டுவது உள்ளூர் ஆண்கள், மதியச் சாப்பாடு சமைத்துப் பரிமாறுவது உள்ளூர்ப் பெண்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று முன்னாலேயே தெரிவதால் சோறு மிஞ்சாது, குப்பையும் அளவோடு நிற்கும். ரிசார்ட்டுக்காரர் ஆள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், போட்ட முதல் அப்படி. உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை.

நீங்களும் அந்த மாதிரி தொடங்குங்கள். முதல் நாளே கூப்பிட்டுச் சொன்னவர்களுக்கு மட்டும் சாப்பாடு. முப்பது பேருக்கு மேல் வேண்டாம். உங்கள் மலைச் சாமை இருக்கும்போது கீழேயிருந்து பொன்னி அரிசி ஏற்றாதீர்கள். சாமைச் சோறு, கொள்ளுக் குழம்பு, கீரை, மலைத் தேன் போதும். மந்தாரை இலை தைத்துப் பரிமாறுங்கள், தின்று முடித்த இலையை மாடு தின்னும் அல்லது எருக்குழிக்குப் போகும். தண்ணீர் பாட்டில் விற்காதீர்கள், பானையில் வையுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவை மறக்காமல் குழுவின் பெயரில் எடுங்கள். கடைக்கு இடம் ஊராட்சியிடம் கேட்கும்போது தரை வாடகையை எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சில் விட்டால் கூட்டம் சேர்ந்த பிறகு வேறு யாருக்காவது ஏலம் போய்விடும். வனத்துறை நிலம் என்றால் ஊராட்சி சொன்னாலும் செல்லாது, வனச்சரகரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

சீசனுக்கு முன் ஒரு ஞாயிறு வெள்ளோட்டம் பாருங்கள். தேதியை எழுதினால் நானும் என் மனைவியும் வருகிறோம். முப்பதில் எங்களுக்கு இரண்டு இலை எடுத்து வையுங்கள்.